கொழுந்து கணக்குக்கு ஒரு செயலி: லீன் முறை நம்ம மலைக்குச் சரிப்படுமா?

கோத்தகிரி_கொழுந்து
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) எழுதுகிறேன். நானும் சித்தப்பா மகனும் சேர்ந்து சிறு தேயிலை விவசாயிகளுக்கு ஒரு மொபைல் செயலி செய்யலாம் என்று இருக்கிறோம். அவன் ஃப்ளட்டரில் (செயலி எழுதும் கருவி) நன்றாக எழுதுவான். நான் தோட்டமும் பார்த்துக்கொண்டு கொஞ்சம் டிசைன் வேலையும் செய்கிறேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே பச்சைத் தேயிலையைக் கொடுக்கிற நேரத்தில் அதற்கு என்ன விலை என்று நமக்குத் தெரியாது. இலையை வாங்கி ஆலைக்கு அனுப்புகிற ஏஜென்ட்டின் ஷெட்டில் எடை போடுவார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போட்டு, மீதியைச் சிட்டில் (துண்டுச் சீட்டு) எழுதித் தருவார்கள். விலை மாசம் முடிந்த பிறகுதான். குன்னூர் ஏலத்தில் தூள் எப்படிப் போனது என்பதைப் பொறுத்துத் தேயிலை வாரியம் மாவட்டத்துக்கு ஒரு சராசரி விலை அறிவிக்கும். ஒவ்வொரு ஆலையும் அதை ஒட்டியோ ஒட்டாமலோ கொடுக்கும். நடுவில் வாங்கிய முன்பணம், உரக்காசு எல்லாம் கழிந்து மிச்சம் கைக்கு வரும். எந்த நாளில் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று பின்னால் யாரும் பார்ப்பதில்லை. சிட்டு ஒன்று ரெயின்கோட் பாக்கெட்டில் கூழாகியிருக்கும், ஒன்று காலண்டர் ஆணியில் குத்தியிருக்கும்.

செயலியில் நாங்கள் வைக்க நினைப்பவை: எடைப் பதிவு, கழிவுக் கணக்கு, ஆலை வாரியாக விலை ஒப்பீடு, ஏல நிலவரம், வானிலை, உரப் பரிந்துரை, பறிக்கிற ஆட்களின் கூலிக் கணக்கு, விவசாயிகள் தங்களுக்குள் பேச ஒரு பக்கம், படுக மொழியில் குரல் வசதி. தெரிந்த ஒருவர் "மொத்தமும் கட்டாதீங்க, லீன் ஸ்டார்ட்அப் முறையில் போங்க" என்றார். தேடிப் படித்தேன். எல்லாம் கலிபோர்னியாக் கதையாகவே இருக்கிறது. பாதி வளைவில் டவர் போய்விடுகிற ஊரில் இதை எப்படிச் செய்வது? மேலே சொன்னதில் எதை முதலில் கட்டலாம்?

பழைய_ப்ராடக்ட்காரன், குன்னூர்
பெங்களூரில் இதே வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கலிபோர்னியா விஷயம். லீன் என்பது ஜப்பான் சரக்கு. டொயோட்டா ஆலையில் தாயிச்சி ஓனோ போன்றவர்கள் கொண்டுவந்த உற்பத்தி முறை அது: தேவைப்படும்போது தேவையானதை மட்டும் செய், வீணாவதைக் கண்ணுக்குத் தெரியும்படி வை. அங்கே வீண் என்றால் கிடங்கில் தேங்கிக் கிடக்கும் உதிரிப் பாகம். எரிக் ரீஸ் என்ற அமெரிக்கத் தொழில்முனைவோர் இதை மென்பொருளுக்குக் கொண்டுவந்தபோது, யாருக்கும் வேண்டாத ஒன்றைச் செய்து முடிப்பதுதான் பெரிய வீண் என்றார். அவருக்கு அது சொந்த அனுபவம். 2004-இல் ஐஎம்வியு என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஏற்கெனவே இருந்த அரட்டை மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி மாசக்கணக்கில் உழைத்து ஒன்றைக் கட்டினார்கள். ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினால், நண்பர்களை இதற்குள் அழைக்கவே தயங்கினார்கள். ஒட்டுகிற வேலைக்குக் கொட்டிய உழைப்பு அத்தனையும் தூக்கிப் போடப்பட்டது. ரீஸுக்கு முன்னாலேயே ஸ்டீவ் பிளாங்க், அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருந்தால் உண்மை தெரியாது, எழுந்து வாடிக்கையாளரிடம் போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் 2011-க்குப் பிறகு எல்லார் வாயிலும் லீன் ஸ்டார்ட்அப் ஆனது.

இப்போது உங்கள் கேள்வி. "எதை முதலில் கட்டலாம்" என்பதை விட்டுவிட்டு, "நாங்கள் நம்புகிறவற்றில் எது பொய்யானால் மொத்தமும் விழும்" என்று கேளுங்கள். உங்கள் பட்டியலில் வானிலை பொய்யானால் ஒன்றும் ஆகாது. ஆனால் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது பாருங்கள்: விவசாயி ஒவ்வொரு தடவை இலை போட்ட பிறகும் தன் எடையை உட்கார்ந்து பதிவு செய்வார் என்பது. அது நடக்காவிட்டால் கழிவுக் கணக்கு இல்லை, ஆலை ஒப்பீடு இல்லை, எதுவுமே இல்லை. நேற்று வரை சிட்டை ஆணியில் குத்தியவர் நாளை முதல் படிவம் நிரப்புவார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

அதைச் சோதிக்கச் செயலி வேண்டாம். 1999-இல் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் இணையத்தில் செருப்பு வாங்குவார்களா என்று பார்க்க, கிடங்கு பிடிக்கவில்லை. பக்கத்துக் கடைகளில் ஷூக்களைப் படம் எடுத்துத் தளத்தில் போட்டார். யாராவது ஆர்டர் கொடுத்தால் கடைக்குப் போய் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு ஜோடிக்கும் நஷ்டம்தான், ஆனால் விடை கிடைத்தது. ஜாப்போஸ் அப்படித் தொடங்கியது. லீன் ஆட்கள் சொல்கிற எம்விபி (மினிமம் வயபிள் ப்ராடக்ட்) என்றால் சின்னச் செயலி என்று பலர் நினைக்கிறார்கள். விடையைத் தெரிந்துகொள்ளப் போதுமான மிகக் குறைந்த வேலை, அவ்வளவுதான். அது ஒரு வாட்ஸ்அப் எண்ணாகவும் இருக்கலாம்.

கேத்தி_பாலாடா
மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க தம்பி. "விலை நிலவரம்" என்று பட்டியலில் போட்டிருக்கீங்களே, அதற்குப் போட்டி வேறொரு செயலி இல்லை. எங்கள் பக்கம் கேரட் கழுவி மூட்டை போட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். அங்கே என்ன விலை விழுந்தது என்று மண்டியில் நிற்கிற ஆள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போட்டுவிடுவார். "முதல் தரம் இவ்வளவு, லோடு அதிகம், நாளைக்குக் கொஞ்சம் இறங்கும் போல." பத்து விநாடி. எழுதப் படிக்கத் தெரியாத என் பெரியம்மாவும் கேட்பார். இதைவிட வேகமாக, இதைவிட நம்பகமாக உங்கள் செயலி என்ன சொல்லப் போகிறது? வெறும் எண்ணை மட்டும் காட்டினால், "நாளைக்கு இறங்கும் போல" என்ற அந்தக் கடைசி வார்த்தை அதில் இருக்காது. விவசாயிக்கு அதுதான் வேண்டும்.

கோத்தகிரி_கொழுந்து
அண்ணா, அது சரிதான். எங்கள் பக்கமும் அப்படியொரு குழு இருக்கிறது.

@பழைய_ப்ராடக்ட்காரன், நாங்கள் யாரையும் கேட்காமல் இறங்கவில்லை. ஊரில் பலரிடம் "இப்படி ஒரு செயலி வந்தால் உபயோகிப்பீங்களா" என்று கேட்டோம். எல்லாரும் "கண்டிப்பா, ரொம்ப நல்ல விஷயம்" என்றுதான் சொன்னார்கள். அது போதாதா?

கூடலூர்க்காரி
போதாது தம்பி. ஊர்ப் பையன் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டால் யார் "வேண்டாம்" என்பார்கள்? டீ கொடுத்து "நல்லா வரணும்" என்றுதான் சொல்வார்கள். அது ஆசீர்வாதம், அதைச் சந்தை ஆய்வு என்று கணக்கில் எழுதாதீர்கள்.

வரப்போவதைக் கேட்காதீர்கள், போன மாசத்தைக் கேளுங்கள். "போன மாசச் சிட்டுகளை எடுத்துட்டு வாங்கக்கா, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை சிட்டு தொலைந்திருக்கிறது, வீட்டில் யார் அதைக் கவனிக்கிறார், கடைசியாகக் கழிவு அதிகம் என்று தோன்றியபோது என்ன செய்தார். "என்னத்த செய்ய, விட்டுட்டோம்" என்றால் அது ஒரு விடை. "நோட்டில் எழுதி வைத்து ஏஜென்ட்டிடம் சண்டை போட்டேன்" என்றால் அது வேறு விடை. ஏற்கெனவே நோட்டுப் போட்டு எழுதுகிறவர் யார் என்று தேடுங்கள். உங்கள் முதல் ஆள் அவர்தான். அவருக்கு வலி இருக்கிறது, வலிக்குத் தானே ஒரு கைவைத்தியமும் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து அனுபவம். யானை வரவைச் சொல்ல ஆளாளுக்குச் செயலி யோசனை சொல்வார்கள். வால்பாறையில் வேலை செய்த ஆராய்ச்சியாளர்கள் எதைப் பிடித்தார்கள் தெரியுமா? உள்ளூர் கேபிள் டிவியில் ஓடுகிற எழுத்து, சாதா போனுக்கு எஸ்எம்எஸ், பஸ் போகிற வழியில் தூரத்திலிருந்தே தெரிகிற சிவப்பு விளக்கு. யானை பக்கத்தில் இருந்தால் விளக்கு எரியும். வேலை முடிந்து இருட்டில் இறங்கி நடக்கிறவருக்குப் போனை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் செய்த வேலை அது.

ஊட்டி_ஆண்ட்ராய்டு
மொபைல் பக்கத்தை யாரும் தொடவில்லையே, நான் சொல்கிறேன். லீன் ஆட்கள் "தினம் ஒரு பதிப்பு விடு" என்பார்கள். அது இணையதளத்துக்குச் சரி. செயலிக்கு நடுவில் ஸ்டோர் நிற்கிறது.

ப்ளே ஸ்டோர் கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர். ஆப்பிளுக்கு வருஷத்துக்கு 99 டாலர். உங்கள் ஆட்களில் ஐபோன் வைத்திருப்பவர் அரிது, அதை மறந்துவிடலாம். ஆனால் ப்ளேயில் ஒரு பொறி. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், எல்லாருக்கும் வெளியிடுவதற்கு முன் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை (அழைத்தவர்கள் மட்டும் உபயோகிப்பது) நடத்திக் காட்ட வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்தது, பிறகு குறைத்தார்கள். பலர் இதைத் தலைவலியாக நினைத்துக் காசு கொடுத்து டெஸ்டர் பிடிக்கிறார்கள். உங்களுக்கு அது வரம். உண்மையான 12 விவசாயிகளை இரண்டு வாரம் பிடித்து வைக்க முடியாவிட்டால், ஸ்டோரில் போட்டு மட்டும் என்ன ஆகப் போகிறது? அதற்கும் முன்னால், உள் சோதனைப் பாதையில் 100 பேர் வரை ஒரு லிங்க்கில் கொடுக்கலாம், சில நிமிடங்களில் கைக்குப் போய்விடும்.

அப்புறம், விட்ட பதிப்பைத் திரும்பப் பிடுங்க முடியாது. புதுப் பதிப்பைச் சிறிது சிறிதாக விடுகிற வசதி இருக்கிறது, பாதியில் நிறுத்தவும் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே இறக்கியவர் போனில் அந்தப் பிழை உட்கார்ந்தே இருக்கும். நம் ஆட்கள் அப்டேட் செய்வது நெட்பேக் மிச்சம் இருக்கும் நாளில், அதுவும் பேரன் வந்தால். அதனால் மாறக்கூடியது எல்லாம் சர்வர் பக்கம் இருக்கட்டும். கழிவு சதவீதம், திரையில் வரும் வாசகம், எந்த வசதி தெரிய வேண்டும் எது மறைய வேண்டும் என்பவற்றை ரிமோட் கான்ஃபிக் (சர்வரிலிருந்தே அமைப்பை மாற்றும் வசதி) மாதிரி ஒன்றில் வைத்தால் புதுப் பதிப்பு விடாமலே மாற்றிப் பார்க்கலாம்.

டவர் விஷயம். எல்லாப் பதிவும் முதலில் போனிலேயே எஸ்க்யூலைட்டில் (போனுக்குள் இருக்கும் சின்னத் தரவுத்தளம்) சேரட்டும், சிக்னல் வரும்போது மேலே போகட்டும். பதிவான நேரத்தைப் போன் குறிக்க வேண்டும், சர்வர் அல்ல. இல்லையென்றால் காலையில் போட்ட எடை ராத்திரி போட்டதாகத் தெரியும், நீங்கள் அதை வைத்து "விவசாயிகள் இரவில்தான் பதிகிறார்கள்" என்று ஒரு பாடம் வேறு கற்றுக்கொள்வீர்கள்! யார் எதை உபயோகிக்கிறார் என்று எண்ணித் தரும் ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸிலும் இதே கதை. ஆஃப்லைனில் நடந்தது மூன்று நாளுக்கு மேல் தாமதமாக வந்தால் அறிக்கையில் சேராமல் போகலாம். மழைக்காலப் பந்தலூரில் அது சகஜம்.

லீன்_ஒவ்வாமை
எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் எதிர்ப்பக்கம் நான்.

இந்த முறை பெரிய ஊருக்கானது. அங்கே ஒரு அரைகுறைச் செயலியை விட்டு, பத்தாயிரம் பேர் காறித் துப்பினாலும் அடுத்த பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு ஹட்டியில் எத்தனை வீடு? முதல் வாரத்தில் எடை தப்பாகக் காட்டினால், அடுத்த விசேஷ வீட்டுப் பந்தியில் அதுதான் பேச்சு. அதற்குப் பிறகு நீங்கள் தங்கத்தால் செய்து கொடுத்தாலும் தொடமாட்டார்கள். உங்கள் அப்பாவிடம் வேறு கேட்பார்கள்.

ஏ/பி சோதனை, அதாவது ஆட்களை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வடிவம் காட்டி எது மேல் என்று பார்ப்பது, அதுவும் வேடிக்கை. ஒரு பொத்தானை 10 சதவீதம் பேர் தட்டுகிறார்கள், மாற்றினால் 15 ஆகிறதா என்று நம்பகமாகச் சொல்ல, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 700 பேர் வேண்டும். இரண்டு பக்கத்துக்கு 1,400. எங்கே போவீர்கள்? ஊட்டி நண்பர் சொன்ன படிப்படியான வெளியீட்டில் 5 சதவீதம் என்று வைத்தால், 60 பேர் உள்ள செயலியில் அது மூன்று பேர். அதில் ஒருவர் உங்கள் சித்தப்பா.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடிக்காதது. இல்லாத வசதிக்குப் பொத்தான் வைத்து யார் தட்டுகிறார்கள் என்று எண்ணுவது. "முன்பணம் பெற" என்று ஒரு பொத்தான் வைத்து, தட்டினால் "விரைவில் வரும்" என்று காட்டுவார்கள். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வழியில்லாமல் தட்டியவருக்கு அது சோதனை இல்லை, ஏமாற்று.

பழைய_ப்ராடக்ட்காரன், குன்னூர்
கடைசிப் புள்ளியில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். பணம், மருத்துவம், யானை, இந்த மூன்றிலும் போலிப் பொத்தான் கூடவே கூடாது.

ஏ/பி-யும் உண்மை. ஆனால் அது முறையின் ஒரு கருவி மட்டும். ஆட்கள் குறைவு என்றால் எண்ணுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று மென்பொருள் பயன்பாட்டு நிபுணர் யாகோப் நீல்சன் 2000-இல் எழுதினார். அது திரையில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதற்கு. எத்தனை பேர் காசு தருவார்கள் என்பதற்கு அந்த ஐந்தைக் காட்டக்கூடாது. நிறையப் பேர் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெயர் கெடும் என்ற பயத்துக்கு என் பதில்: அதனால்தான் முதலில் செயலியே வேண்டாம் என்கிறேன். கையால் செய்தால் தப்பு வந்தாலும் "தம்பி கூட்டினதுல தப்பு" என்று அன்றே திருத்திக்கொள்ளலாம். செயலி தப்பாகக் காட்டினால் "ஏமாத்துறாங்க" என்றாகிவிடும்.

எதை அளப்பது என்பதில்தான் மலைக்குத் தனிக் கணக்கு வேண்டும். செயலிக்காரர்கள் தினசரி உபயோகிப்பாளர், ஏழாம் நாள் எத்தனை பேர் மிச்சம் என்று பார்ப்பார்கள். இங்கே ஒரு தோட்டத்தில் பறித்துவிட்டு அடுத்த பறிப்புக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆகலாம். தினமும் திறக்கவில்லையே என்று அழுது, அறிவிப்பு மேல் அறிவிப்பாக அனுப்பினால் அழித்துவிடுவார்கள். அளவு நாள் அல்ல, பறிப்பு. போன பறிப்புக்குப் பதிந்தவர் இந்தப் பறிப்புக்கும் தானாகப் பதிந்தாரா? அது ஒன்றே போதும். டவுன்லோட் எண்ணிக்கையைக் கண்ணெடுத்தும் பார்க்காதீர்கள்.

பருவமும் உண்டு. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இலை கொட்டும். டிசம்பர் ஜனவரியில் உறைபனி கருக்கிவிட்டால் ஷெட்டுக்கே ஆள் வராது. மே மாசம் பதிவு ஏறியது எங்கள் புதுத் திரையால்தான் என்று நினைத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள். அதனால் மே மாசம் சேர்ந்தவர்களையும் டிசம்பரில் சேர்ந்தவர்களையும் தனித்தனிக் குழுவாக வைத்துப் பார்க்க வேண்டும்.

இலை_ஏஜென்ட்
இந்த இழையை ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் எங்களைத் திருடன் மாதிரியே பேசுகிறீர்கள், அதனால் வருகிறேன்.

நான் ஏஜென்ட்தான். அப்பாவும் இதே தொழில். மழை நாளில் சாக்கைத் தூக்கினால் தண்ணீர் ஒழுகும். அதற்குக் கழிவு போடாமல் வாங்கினால் ஆலை வாசலில் எனக்குக் கழிப்பார்கள். முற்றல் இலை கலந்திருந்தால் அதற்கும் சேர்த்து. நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் வரும், அதில் தண்ணீரும் சேர்ந்தால் ஆலைக்காரன் சும்மா இருப்பானா? லாரி தாமதமானால் இலை சாக்குக்குள்ளேயே சூடாகிவிடும், அந்த நஷ்டமும் என் தலையில். சாயங்காலம் அத்தனை சிட்டையும் பேரேட்டில் ஏற்றி, முன்பணம் கழித்து, மாசக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாரம் வீட்டில் என் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

தம்பி, உங்கள் விவசாயி எடையைப் பதியமாட்டார். நான் ஏற்கெனவே பதிந்துகொண்டுதான் இருக்கிறேன், காகிதத்தில். எனக்கு ஒன்று செய்து கொடுங்கள்: நான் ஷெட்டில் எடையைத் தட்டினால் அவருக்கு அப்போதே எஸ்எம்எஸ் போக வேண்டும், எனக்குப் பேரேடு தானாக எழுதிக்கொள்ள வேண்டும். காசு கொடுக்க நான் தயார். கழிவையும் மறைக்காமல் காட்டுங்கள், எனக்கு ஒன்றும் பயமில்லை.

கூடலூர்க்காரி
ஏஜென்ட் அண்ணா, வந்து பேசியதற்கு நன்றி, நிஜமாகவே. ஆனால் எல்லாரும் உங்களைப் போல இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சிட்டைப் போனில் படம் எடுத்ததற்கே "என்மேல நம்பிக்கை இல்லையா, அப்போ முன்பணத்தை வேற இடத்துல வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். முன்பணம் வாங்கியிருக்கும் வீட்டுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். சோதனைக்குப் படம் எடுக்கச் சொல்லும்போது, ஷெட்டில் வைத்து எடுக்கச் சொல்லாதீர்கள் தம்பி. வீட்டுக்கு வந்து எடுக்கட்டும். யார் எந்த ஆலைக்குப் போடுகிறார், எவ்வளவு கடன் என்பதெல்லாம் உங்கள் கையில் வரும். 2023-இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஊரில் சட்டத்துக்கு முன்னால் வாய் வந்துவிடும்.

ஊட்டி_ஆண்ட்ராய்டு
அப்போ வாடிக்கையாளரே மாறுகிறாரே! இதைத்தான் பிவட் என்பார்கள். இன்ஸ்டாகிராம் முதலில் பர்பன் என்ற பெயரில், இருக்கும் இடத்தைப் பதிகிற செயலியாக இருந்தது. ஆட்கள் அதில் படம் போடுவதை மட்டுமே விரும்புகிறார்கள் என்று பார்த்து, மற்றதை எல்லாம் வெட்டிவிட்டு 2010-இல் இன்ஸ்டாகிராமாக விட்டார்கள். நீங்களும் விவசாயிச் செயலியை விட்டு ஏஜென்ட் செயலிக்குப் போங்கள்.

லீன்_ஒவ்வாமை
ஒரு ஆள் ஒரு பதிவு போட்டதற்கே பிவட்டா? இதுதான் எனக்கு ஒவ்வாமை. பர்பன்காரர்கள் ஆட்கள் செய்ததைப் பார்த்து மாறினார்கள், சொன்னதைக் கேட்டு அல்ல. "காசு கொடுக்கத் தயார்" என்று ஏஜென்ட் அண்ணா சொன்னதும், "கண்டிப்பா உபயோகிப்போம்" என்று ஊர்க்காரர்கள் சொன்னதும் ஒரே தரம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா.

இன்னொரு சிக்கல். காசு ஏஜென்ட் கொடுத்தால் செயலி ஏஜென்ட்டுடையது என்று விவசாயி நினைப்பார். அதில் வரும் எடையை அவர் ஏன் நம்ப வேண்டும்?

இலை_ஏஜென்ட்
கோபமெல்லாம் இல்லை. இப்போது என் சிட்டை நம்பித்தானே வாங்குகிறார்? காகிதத்தில் எழுதினாலும் நான்தான் எழுதுகிறேன். எஸ்எம்எஸ் என்றால் தொலையாது, நான் பின்னால் திருத்தவும் முடியாது. அவருக்கு அதில் லாபம்தானே. காசு விஷயம்: சொல்லிவிட்டு ஓடுகிற ஆள் இல்லை, முதல் மாசத்துக்கு முன்கூட்டியே ஜிபே செய்கிறேன். பிடிக்காவிட்டால் திருப்பிக் கேட்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேத்தி_பாலாடா
அப்படிப் போடுங்க! இந்த இழையில் காசு பேசிய முதல் ஆள்.

மட்டுறுத்துநர்
போன் எண்களைப் பொதுவில் போட வேண்டாம். இரண்டு பதிவுகளிலிருந்து நீக்கியிருக்கிறேன். தனிமடல் இருக்கிறது.

கோத்தகிரி_கொழுந்து
எல்லாருக்கும் நன்றி. சித்தப்பா மகனோடு உட்கார்ந்து பேசினோம். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், திரைகள் வரையவே தொடங்கிவிட்டான். இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறோம், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

விவசாயிப் பக்கம், ஏஜென்ட் பக்கம் இரண்டையும் ஒரே பருவத்தில் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கிறோம். எங்கள் ஹட்டியில் ஏற்கெனவே நோட்டில் எழுதுகிற வீடுகளை மட்டும் தேடி, சிட்டை வீட்டுக்கு வந்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறோம். நாங்கள் கையால் எக்செலில் ஏற்றி, மாசக் கடைசியில் படுக மொழியில் ஒரு குரல் செய்தி: இத்தனை தடவை போட்டீங்க, மொத்த எடை இவ்வளவு, கழிவு இவ்வளவு, நூற்றுக்கு இத்தனை. செயலி கிடையாது. இரண்டாம் மாசம் நாங்கள் ஞாபகப்படுத்தாமலே பாதி வீடாவது ஒவ்வொரு பறிப்புக்கும் அனுப்பினால் அந்தப் பக்கம் உயிர் இருக்கிறது. அனுப்பாவிட்டால் விட்டுவிடுகிறோம், "இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்" என்று இழுக்கமாட்டோம். அதற்காகத்தான் இங்கே பொதுவில் எழுதுகிறேன்.

ஏஜென்ட் அண்ணாவின் ஷெட்டில் ஒரே திரை. விவசாயி பெயர், எடை, கழிவு, அவ்வளவுதான். உள் சோதனை லிங்க்கில் அவர் போனில் மட்டும் இருக்கும். எஸ்எம்எஸ்ஸும் தானாகப் போகாது. அவர் போனிலிருந்தே, அவர் தட்டினால் போகும். பேரேட்டை நாங்கள் ராத்திரி உட்கார்ந்து சரிபார்ப்போம். அவர் காகிதப் பேரேட்டையும் கூடவே எழுத வேண்டும், இரண்டும் ஒத்துப்போகும் வரை.

வானிலை, உரம், அரட்டைப் பக்கம் எல்லாவற்றையும் அடித்துவிட்டோம்.

பழைய_ப்ராடக்ட்காரன், குன்னூர்
நன்றாக இருக்கிறது. ஒரே குறை: விவசாயிப் பக்கம் காசு எங்கே? இரண்டாம் மாசக் குரல் செய்தியோடு "அடுத்த மாசத்திலிருந்து 30 ரூபாய்" என்று கேளுங்கள். 30 பெரிய காசு இல்லை, ஆனால் யுபிஐ எண்ணைக் கேட்டு வாங்குகிறவரும் "பார்க்கலாம் தம்பி" என்கிறவரும் தனித்தனியாகப் பிரிந்துவிடுவார்கள். அந்தத் தேதியையும் இப்போதே எழுதி வையுங்கள், இல்லையென்றால் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே போய்விடுவீர்கள்.

லீன்_ஒவ்வாமை
கழிவு சதவீதத்தைச் சொல்லும்போது பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுச் சொல்லாதீர்கள், அவர்களே கேட்டாலும். அதற்குப் பிறகு நடக்கும் பஞ்சாயத்தை எக்செலில் ஏற்ற முடியாது. மற்றபடி இந்தத் திட்டத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை, இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

இலை_ஏஜென்ட்
தம்பி, ஒரே திரையில் இன்னும் இரண்டு கட்டம் வேண்டும். ஒன்று சாக்கு எண்ணிக்கை. கழிவு அதை வைத்துத்தான். இன்னொன்று இலையைத் திருப்பி அனுப்பினால் குறிக்க. அது இல்லாமல் என் பேரேடு எந்த நாளும் ஒத்துப்போகாது. எழுத்தைப் பெரிதாக வையுங்கள், ஈரக் கையால் தட்ட வேண்டும். பெயரைத் தேடச் சொல்லாதீர்கள், வரிசையில் நிற்கிறவர்கள் திட்டுவார்கள். எங்களிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு, அதைத் தட்டினால் பெயர் வரட்டும்.

கோத்தகிரி_கொழுந்து
நம்பர் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை அண்ணா. சித்தப்பா மகன் பெயர்ப் பட்டியல் போட்டு, தேடுகிற வசதி எல்லாம் எழுதி வைத்திருந்தான். சாக்கு எண்ணிக்கை சேர்க்கிறோம், திருப்பியதும் சேர்க்கிறோம். நாளைக் காலை எடை நேரத்தில் ஷெட்டுக்கு வந்து நிற்கலாமா? ஒன்றும் தொந்தரவு செய்யமாட்டோம், பார்க்க மட்டும்.

இலை_ஏஜென்ட்
வாங்க. சும்மா நிற்க முடியாது, சாக்குப் பிடிக்க ஆள் குறைவு.